நிமிடத்துக்கு எத்தனை சொட்டு

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை ஒரு கரண்டி கூடிவிட்டது, பரவாயில்லை. குறை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வருடக்கணக்காக அளவைப் பற்றியே பேசிப் பழகிய வாய், சும்மா இருக்காது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று வீட்டிலும் சொல்லிச் சொல்லி, என் வீட்டுக்காரர் எனக்கு 'உழக்கு' என்று பேர் வைத்துவிட்டார். ஆளும் அந்த உயரம்தான் என்பது அவருடைய கிண்டல்.

எதிரே உட்கார்ந்து எழுதும் தங்கைக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மெதுவாகத்தான் பேசுவேன், பதற்றப்பட்டு எழுத வேண்டாம். விட்டுப்போனால் கேளுங்கள், திரும்பச் சொல்கிறேன். திரும்பச் சொல்வதில் எனக்கு அலுப்பே கிடையாது. அதற்குத்தானே சம்பளம் வாங்கினேன்.

நர்சிங் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். மற்ற டீச்சர்கள் உடற்கூறு, முதலுதவி, நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பது என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். என் தலையில் கட்டியது டிரிப் கணக்கு. பாட்டிலில் இருக்கும் மருந்து நோயாளியின் நரம்புக்குள் என்ன வேகத்தில் இறங்க வேண்டும், அதற்கு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழ வேண்டும் என்பதுதான் பாடம். பிள்ளைகள் எனக்கு வைத்த பேர் 'சொட்டு மேடம்'. அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு எளிது. ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லி போக வேண்டுமோ அதை, ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்ற எண்ணால் பெருக்கி, அறுபதால் வகுத்தால் விடை கையில். சறுக்குகிற இடம் ஒன்றே ஒன்று. டிரிப் செட்டில் இரண்டு வகை உண்டு. பெரியவர்களுக்குப் போடும் செட்டில் சொட்டு பெரிது. இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. குழந்தைகளுக்கும், பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துகளுக்கும் சின்னச் சொட்டு செட்டு. அதில் அறுபது சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. சொட்டு விழுகிற கூட்டுக்குள் பார்த்தால் சின்னச் சொட்டு செட்டில் மெல்லிய ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பெரியதில் அது இருக்காது. சின்னதற்குப் போட்ட கணக்கைப் பெரியதில் ஓட்டினால் சொட்டின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், மருந்து மட்டும் மூன்று மடங்கு உள்ளே போயிருக்கும். இதை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று என் பிள்ளைகளையே கேளுங்கள். பேசும் நிலையில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

என்னிடம் ஓர் இரும்பு ஸ்கேல் உண்டு. அதையும் நீங்கள் எடுத்து வைத்திருப்பீர்கள். தவறான விடை சொன்னால் உள்ளங்கையில் அடிக்க மாட்டேன், விரல் கணுவில்தான். உள்ளங்கை மறந்துவிடும், கணு மறக்காது. ஒருத்திக்கு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. கட்டுப் போட்டதும் நானே. அதற்குப் பிறகு அவள் ஒரு கணக்கிலும் தவறியதில்லை. அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

பிரின்சிபால் ஒருமுறை கூப்பிட்டுச் சொன்னார். "காலம் மாறிப்போச்சு மேடம். இப்பெல்லாம் பிள்ளைங்க மேல கை வைக்கக் கூடாது."

"நான் எங்க கை வச்சேன்? ஸ்கேலத்தான வைக்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று அர்த்தம். எங்கள் பள்ளியில் நிறையப் பேச்சு அப்படித்தான் முடியும்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. வகுப்பில் எல்லோரும் அவளை வாயாடி என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். வார்டில் கட்டுப் பிரிக்கப் பயந்து அலறுகிற கிழவரிடம் போய், "தாத்தா, நீங்க போடுற சத்தத்துல பக்கத்து பெட்டு தாத்தாவுக்குப் பொறாமையா இருக்கு. பாவம், அவருக்குக் குரலே வரல" என்பாள். கிழவர் சிரித்து முடிப்பதற்குள் கட்டு கழன்றிருக்கும். நோயாளிகள் அவளைத் தேடுவார்கள். கணக்கும் மோசமில்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கை தூக்க மாட்டாள். பாடத்துக்கு நடுவே, "மேடம், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்துவிடுவாள். சந்தேகம் வருவது தப்பில்லை. எல்லோர் முன்னாலும் வருவதுதான் தப்பு.

குழந்தைகள் வார்டில் அந்தச் சம்பவம் நடந்தபோது பிள்ளைகளைப் பயிற்சிக்கு அழைத்துப் போனவள் நான்தான். வயிற்றுப்போக்கு வந்து சுருண்டு கிடந்தது ஒரு பெண் குழந்தை. நடை பழகி அதிக நாள் ஆகாத வயசு. அம்மா தையல்காரி. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார். டிரிப் போடும் வேலையை வாயாடியிடம் கொடுத்தேன். அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள், சரி என்றேன். அன்று வார்டில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளை. நான் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பாட்டில் காலி. பொழுது சாயும் வரை ஓட வேண்டிய பாட்டில். குழந்தையின் இமைகள் வீங்கி, மூச்சில் களகளவென்று சத்தம். வாயோரம் நுரை. டாக்டர் ஓடி வந்து நெஞ்சை அழுத்தினார். அந்தச் சின்ன நெஞ்சுக்கு அவர் கை பெரியது. விலா முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. நுரையீரலில் நீர் நிறைந்து, தண்ணீரில் இறங்காமலே அந்தக் குழந்தை மூழ்கிப் போயிற்று. தையல்காரம்மா அழவில்லை. "இப்பத்தான சிரிச்சா. வாயில விரல வச்சுக்கிட்டுச் சிரிச்சா" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. பாட்டிலும் செட்டும் அதற்குள் குப்பைக்குப் போய்விட்டிருந்தன. வாயாடி, "எண்ணித்தான் மேடம் வச்சேன். ரெண்டு தடவ எண்ணுனேன்" என்றாள். "அப்ப பாட்டில் எப்படிக் காலியாச்சு?" என்று கேட்டேன். விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் உதடு வெள்ளையாக இருந்தது. அவள் சொன்னதை அவளே நம்பிவிட்டாள், ஐயா. அதை நான் கவனித்தேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். குழந்தை வரும்போதே மோசமான நிலை என்று முடித்தார்கள். வாயாடிக்குத் தண்டனை, வார்டுப் பயிற்சி கொஞ்ச நாள் கூடுதல். அவ்வளவுதான். ஓர் உயிருக்கு அதுதான் விலை என்றால் நான் இத்தனை வருடம் எதற்குக் கத்தினேன்?

வீட்டுக்குப் போய், ஒரு மாணவி ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டாள் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாப்பிட்டுக்கொண்டே, "அப்ப நீ எங்க நின்ன?" என்று கேட்டார். பஸ் ஓட்டியவர்களுக்கு எந்த விபத்து என்றாலும் முதல் கேள்வி யார் எங்கே நின்றார் என்பதுதான். நான் என் தட்டை எடுத்துச் சுவரில் எறிந்தேன். பீங்கான் சில்லு தெறித்து அவர் புருவத்தைக் கிழித்தது. தையலும் நானே போட்டேன், மரத்துப்போகும் ஊசி வீட்டில் இல்லை என்பதால் சும்மாவே. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வியை அவர் பிறகு கேட்கவில்லை.

வாயாடி சில வாரம் வாயே திறக்கவில்லை. வகுப்பு நிம்மதியாக இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள், சொட்டை மூன்று தடவை நான்கு தடவை எண்ணினாள், எண்ணி முடித்த பிறகும் கட்டிலை விட்டு நகராமல் நின்றாள். இப்படி ஒரு மாணவியைத்தான் நான் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தேன். விடுமுறை நாட்களில் அவள் அந்தத் தையல்காரம்மாவின் கடைக்குப் போய்ப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள் என்று வகுப்பு லீடர் சொன்னாள். லீடர் நெட்டையான பெண், அதனால் அவள் பேரே நெட்டை. "அந்தக்கா இவள திட்டவே இல்லையாம் மேடம். நீயும் ஒரு பிள்ளதானேன்னு சொன்னாங்களாம்" என்றாள்.

அவர்கள் இருவரும் அந்தக் கடையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

பிறகு ஒரு நாள் வராந்தாவில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. யாரோ ஏதோ சொல்ல, பழைய மாதிரி, வாய்விட்டு. எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், அது கோபம்தான். ஒரு குழந்தை மண்ணுக்குள் கிடக்கிறது, இவளுக்குச் சிரிப்பு வருகிறது. அவளுக்கு மறந்துபோக ஆரம்பித்துவிட்டது. மறக்காமல் இருக்க ஒரு பாடம் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவளுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்.

பிள்ளைகளுக்குச் செய்துகாட்டிப் பழக்குகிற எங்கள் டெமோ ரூம் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது. அடுத்த சுவர் சலவைக்கூடம். துணி துவைக்கும் பெரிய இயந்திரங்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. வகுப்புக்குள் வரும்போது போனை வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது என் பழைய விதி. காலை வகுப்பு. எட்டுப் பேர் வந்திருந்தார்கள். பயிற்சிக்கு வைத்திருந்த பொம்மையின் கை கிழிந்துபோனதால் பிள்ளைகளில் ஒருத்தியே நோயாளியாகப் படுப்பது வழக்கம். "இன்னைக்கு யாரு பேஷண்ட்?" என்று கேட்டுக்கொண்டே வாயாடியைப் பார்த்தேன்.

"நானா மேடம்? சரி, ஆனா எனக்குப் பழம் வாங்கிட்டு யாராச்சும் பார்க்க வரணும்" என்று கட்டிலில் ஏறிப் படுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைய பாடம் திமிறுகிற நோயாளிக்கு டிரிப் போடுவது என்று சொன்னேன். கை, கால், இடுப்பு மூன்றையும் அகலக் கட்டுத் துணியால் கட்டிலோடு கட்டச் சொன்னேன். நெட்டைதான் கட்டினாள். நன்றாகக் கட்டினாள், பாராட்டினேன். ஊசியை நானே ஏற்றினேன். அவளுக்கு நல்ல நரம்பு, ஒரே குத்தில் ஏறிவிட்டது. பாட்டிலைத் தொங்கவிட்டு, பீரோவிலிருந்து செட்டை எடுத்து மாட்டினேன். செட்டு எந்தத் தட்டில் இருக்கும் என்பது என் கைக்குத் தெரியும். உறையைத் திருப்பிப் பார்க்கிற வேலையெல்லாம் முதல் வருடப் பிள்ளைகளுக்கு.

பிறகு கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். பாட்டிலில் இருப்பது வெறும் உப்புத் தண்ணீர் அல்ல, நான் ஒரு மருந்து கலந்திருக்கிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். பேரைத் தங்கைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மெதுவாகப் போனால் இதயத்துக்குத் துணை, அவசரமாகப் போனால் இதயத்தை நிறுத்திவிடும். என் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் சொல்லிக்கொடுத்தவள் நான்.

முதலில் யாரும் நம்பவில்லை. ஒருத்தி சிரித்தாள். அதற்குள் வாயாடியின் கை எரிய ஆரம்பித்துவிட்டது. "மேடம், எரியுது" என்றாள். பிறகு, "மேடம், நெசமாவே எரியுது." அந்த மருந்து அப்படித்தான், நரம்பில் நெருப்பைப் போல ஏறும். நெட்டை என்மேல் பாய்ந்தாள். மேசையில் இருந்த இரும்பு டிரேயை எடுத்து அவள் முகத்தில் அடித்தேன். மூக்குத் தண்டு நொறுங்குவது கைக்குத் தெரிந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் அவள் விரலிடுக்கில் வழிந்து வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

கதவருகே போனால் பாட்டிலை முழுதாகத் திறந்துவிடுவேன் என்றேன். பிறகு பலகையில் கணக்கை எழுதினேன். ஒன்றும் கடினமானதல்ல. ஒவ்வொருத்தியாக வந்து நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று சொல்ல வேண்டும். சரியான விடை வந்தால், குழாயில் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்தைத் தொட மாட்டேன். தவறினால் சக்கரத்தை விரலால் கொஞ்சம் மேலே தள்ளுவேன், சொட்டு வேகமாகும். எட்டில் ஒருத்தி படுத்திருக்க, ஏழு பேர் ஏழு கணக்கு. எல்லோரும் சரியாகச் சொன்னால் பாட்டிலைக் கழற்றிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற ஆள்தான் நான். இத்தனை காலம் கூட வேலை பார்த்த யாரையும் கேட்டுப் பாருங்கள்.

முதல் மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள். ஒருத்தி நின்ற இடத்திலேயே உடையை நனைத்துக்கொண்டாள், ஆனால் விடை சரி. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எண்களைப் பார்த்தார்கள், ஐயா. நான் நடத்திய வகுப்புகளிலேயே அதுதான் மிகச் சிறந்த வகுப்பு. நாலாவது பெண் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டாள். முதலில் ஸ்கேலால் கணுவில் அடித்தேன், இரண்டு கையிலும். பிறகு சக்கரத்தை நகர்த்தினேன். வாயாடி கத்திய கத்தலில் சலவை இயந்திரத்தின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவள் கட்டை இழுத்த இழுப்பில் மணிக்கட்டுத் தோல் உரிந்துவிட்டது. அவள் வாயில் துணி வைக்கவில்லை. அவளுக்கும் விடை தெரிந்தால் சொல்லட்டும் என்று விட்டிருந்தேன்.

ஒரு விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் போட்டிருந்த கணக்குப்படி அவளுக்கு எரிச்சலும் பயமும் மட்டும்தான் இருக்க வேண்டும். வகுப்பு முடியும் வரை அதற்கு மேல் ஒன்றும் ஆகாத அளவுக்குத்தான் வைத்திருந்தேன். ஆனால் அவள் முகம் அதற்கு முன்னாலேயே வெளுத்துவிட்டது, உதடு நீலமாகத் தொடங்கியது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். விட்டு விட்டு அடித்தது. சில உடம்பு அப்படி, மருந்தைத் தாங்காது.

அப்போது அவள் மேலே பார்த்தாள். மல்லாந்து படுத்திருந்ததால் தலைக்கு மேலே தொங்கிய பாட்டிலையும் சொட்டு விழுகிற கூட்டையும் தவிர அவளுக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. கத்துவதை நிறுத்திவிட்டு அந்தக் கூட்டையே பார்த்தாள். சொட்டு விழுவதைப் பார்த்தாள்.

"மேடம்," என்றாள், "உள்ள ஊசி இல்ல."

நான் பலகையைத் தட்டி அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

"இது பெரிய சொட்டு, மேடம். நீங்க செட்ட மாத்தி மாட்டிட்டீங்க." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். மற்ற பிள்ளைகள் எல்லோரும் கூட்டைப் பார்த்தார்கள். பலகையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் எல்லோரும் மேலே பார்த்தார்கள். "அன்னைக்கும் இப்படித்தான் விழுந்துச்சு. சொட்டு பெருசா விழுதேன்னு நான் கேட்டேன். உனக்குக் கண்ணு பெருசுடின்னு நீங்க என் தலையில தட்டுனீங்க. செட்ட வார்டு பீரோவிலேர்ந்து எடுத்துக் குடுத்தது நீங்கதான் மேடம்."

கட்டியிருந்த கையை அவள் அசைக்கப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். அழுகை இல்லை.

"அப்ப நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்" என்றாள். "நெட்ட, கேட்டியா? பாப்பாவ நான் கொல்லலடி. நான் இல்லடி."

அவள் சிரித்தாள், ஐயா. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் தண்ணீராக, சந்தோஷத்தில் சிரித்தாள். அத்தனை பேர் முன்னால். முகத்தில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்த நெட்டையும் அவளைப் பார்த்து அழுதுகொண்டே தலையாட்டினாள்.

நான் சக்கரத்தை முழுதாகத் திறந்தேன்.

கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். கை தவறி நகரவில்லை. கோபத்தில் தன்னை மறந்து செய்ததும் இல்லை. சொட்டு சொட்டாக விழுந்தது நீர்க்கோடாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே திறந்தேன். திறந்த பிறகு பாட்டிலையும் கையால் பிழிந்தேன். ஓடி வந்த பிள்ளைகளைத் தடுக்கப் பக்கத்தில் இருந்த காலி டிரிப் ஸ்டாண்டைத் தூக்கிச் சுழற்றினேன். ஒருத்திக்குத் தாடையில் பட்டது, ஒருத்திக்கு முழங்கை. முழங்கை பட்டவள் இனி அந்தக் கையால் ஊசி போடுவது கஷ்டம். நெட்டை தவழ்ந்து வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து குழாயைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கையை மிதித்தேன். ஆனாலும் விடவில்லை, பிடுங்கிவிட்டாள். நல்ல பெண், நல்ல நர்சாக வருவாள். அதற்குள் வாயாடியின் உடம்பு ஒருமுறை வில்லாக வளைந்து படுத்துவிட்டது. கட்டை அவிழ்த்து நெஞ்சை அழுத்தினார்கள், மாறி மாறி அழுத்தினார்கள். அழுத்தும் முறை சரியாக இருந்தது. ஒன்றும் பயனில்லை. சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் அந்த உறைக்குள் இருப்பது டெமோ ரூம் கட்டிலிலிருந்து எடுத்த செட்டு என்கிறீர்கள். அதில் ஊசி இல்லை என்பது எனக்கும் தெரிகிறது. ஊசி கழன்று விழுந்திருக்கும். கழலாது என்று உங்கள் நிபுணர் சொல்கிறார், சொல்லட்டும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நீங்கள் ஆறுதலாகச் சொன்னீர்கள். ஆனைக்குச் சறுக்கலாம், எனக்குச் சறுக்கியதில்லை.

வார்டில் அன்றைக்குப் பாட்டிலையும் செட்டையும் குப்பையில் போட்டது யார் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நான்தான் போட்டேன். டாக்டர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோதே கழற்றி, காகிதத்தில் சுற்றி, அடியில் போகும்படி போட்டேன். கட்டிலருகே குப்பை கிடப்பது எனக்குப் பிடிக்காது. என் வகுப்பில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

தையல்காரம்மா காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். பீரோவைத் திறந்து செட்டை எடுத்துக் கொடுத்தது குட்டையான மேடம்தான் என்று அவர் சொல்கிறாராம். வாயாடிக்காக அழுகிறாராம். துக்கத்தில் இருப்பவருக்குக் கண் சரியாகத் தெரியாது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நான் செய்ததெல்லாம் அந்த அம்மாவுக்காகவும்தான். தங்கை, கடைசியில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், எழுதிவிட்டு வெளியே போய் அவரிடம் என் பேரைச் சொல்லியே சொல்லுங்கள்: உங்கள் மகளைக் கொன்றவள் இனி எந்தக் குழந்தைக்கும் டிரிப் போட மாட்டாள்.